மௌனப்படத்தின் சரியான வேகம் எது? நடனக்காரியும் சிப்பாயும் சொல்லும் கணக்கு

மௌனப்படம் என்றதும் பலர் மனதில் வருவது குடுகுடுவென்று ஓடும் மனிதர்கள்தான். கதாநாயகி திரும்பினால் வெடுக்கென்று திரும்புவாள், படைவீரர்கள் நடந்தால் ஓட்டப்பந்தயம் போல இருக்கும், சாவுக் காட்சியில்கூட சிரிப்பு வந்துவிடும். அந்தக் காலத்து நடிப்பே அப்படித்தான் என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். நடிகர்கள் பாவம், அவர்கள் ஒழுங்காகத்தான் நடந்தார்கள். படத்தை எடுத்த வேகம் ஒன்று, நாம் ஓட்டிப் பார்க்கும் வேகம் வேறொன்று. இதைப் புரிந்துகொண்டால் கையில் இருக்கும் பிரதி சரியா தவறா என்று வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். பெரும்பாலும் சரிசெய்தும் பார்க்கலாம்.

உதாரணத்துக்கு ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். எர்ன்ஸ்ட் லூபிச் இயக்கி 1918 டிசம்பரில் பெர்லினில் வெளியான ஜெர்மன் படம் 'கார்மென்'. ஆடிப் பாடி மயக்கும் ஜிப்சிப் பெண் கார்மென், அவளுக்காகப் பதவியையும் மானத்தையும் இழக்கும் குதிரைப்படைச் சிப்பாய் டான் ஹொசே. கதை ப்ரோஸ்பேர் மெரிமே 1845இல் எழுதிய பிரெஞ்சுக் குறுநாவல். 1875இல் பாரிஸில் பிஸே அதை ஓபராவாக்கிய பிறகு உலகமெங்கும் பரவியது. படத்தில் கார்மெனாக நடித்தவர் போலா நெக்ரி, சிப்பாயாக நடித்தவர் ஹாரி லீட்கே. நெக்ரி போலந்துக்காரர். வார்சாவில் பாலே பயின்றவர், காசநோய் வந்ததால் நாட்டியத்தை விட்டு நடிப்புக்கு வந்தவர். ஆகவே திரையில் அவர் உடம்பு அசைவதில் ஒரு பயிற்சி இருக்கிறது. தவறான வேகத்தில் ஓட்டினால் முதலில் காணாமல் போவது அதுதான்.

அந்தப் படம் வந்த சூழலையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். 1916இல் ஜெர்மனி அந்நியப் படங்களின் இறக்குமதிக்குத் தடை போட்டது, 1917 டிசம்பரில் ஊஃபா என்ற பெரிய திரைப்பட நிறுவனம் உருவானது, 1918 நவம்பரில் ஜெர்மன் பேரரசர் கைசர் முடி துறந்து முதல் உலகப் போர் முடிந்தது, அடுத்த மாதம் 'கார்மென்' திரைக்கு வந்தது.

இனி வேகத்துக்கு வருவோம்.

அன்றைய கேமராவில் மோட்டார் கிடையாது. பக்கவாட்டில் ஒரு கைப்பிடி இருக்கும், அதை ஒளிப்பதிவாளர் கையால் சுற்ற வேண்டும். ஒரு முழுச் சுற்றுக்கு 8 ஃபிரேம், அதாவது ஃபிலிமில் அடுத்தடுத்துப் பதியும் 8 தனிப் படங்கள், நகரும். விநாடிக்கு இரண்டு சுற்று சுற்றினால் 16 ஃபிரேம். இதுதான் எல்லோரும் சொல்லும் அந்த 16. ஆனால் இது சட்டம் அல்ல, கைப்பழக்கம். ஒருவர் 17இல் சுற்றுவார், இன்னொருவர் 18இல் சுற்றுவார். சண்டைக் காட்சியில் வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றுவார்கள், அப்போதுதான் ஓட்டும்போது அடிதடி விறுவிறுப்பாகத் தெரியும். 1910களின் பிற்பகுதியில் எடுத்த படங்களுக்கு 16 முதல் 18 வரை என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் பொருந்தும். 1920களின் நடுவில் அது 20, 22 என்று ஏறியது.

திரையரங்கிலும் நிலையான வேகம் இல்லை. ஆபரேட்டர் கையாலோ வேகம் மாற்றக்கூடிய மோட்டாராலோ ஓட்டினார். எடுத்த வேகத்தைவிடச் சற்றுக் கூட்டி ஓட்டுவதுதான் பொதுவான வழக்கம். அதற்கு இரண்டு காரணம். ஒன்று, ஒரு நாளில் இன்னொரு காட்சி ஓட்டினால் கொட்டகைக்காரருக்கு இன்னொரு வசூல். இரண்டாவது காரணம் பயம். அன்றைய ஃபிலிம் செல்லுலோஸ் நைட்ரேட். புரொஜெக்டரின் கார்பன் விளக்குச் சூட்டுக்கு எதிரே ஒரு ஃபிரேம் அதிக நேரம் நின்றால் பற்றிக்கொள்ளும். எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜன் அந்த வேதிப்பொருளுக்குள்ளேயே இருப்பதால், பற்றிக்கொண்டால் தண்ணீருக்குள் அமிழ்த்தினாலும் அணையாது. மெதுவாக ஓட்ட எந்த ஆபரேட்டருக்கும் கை கூசத்தான் செய்யும்.

விநாடிக்கு 16 படம் என்றால் திரை மினுக்மினுக்கென்று அடிக்காதா என்று கேட்கலாம். அடிக்கும். அதற்காகத்தான் புரொஜெக்டரில் சுழலும் மறைப்பானுக்கு மூன்று இதழ் வைத்தார்கள். ஒரே ஃபிரேமை மூன்று முறை வெளிச்சம் தொடும். 16ஐ 3ஆல் பெருக்கினால் விநாடிக்கு 48 வெளிச்சம், கண்ணுக்கு அது போதும். பேசும்படம் வந்தபின் 24 ஃபிரேமுக்கு இரண்டு இதழ் போதுமானது. 24ஐ 2ஆல் பெருக்கினால் அதே 48.

பேசும்படம்தான் இந்தச் சிக்கலுக்கே வேர். படத்தின் வேகம் கொஞ்சம் ஆடினால் கண் பொறுத்துக்கொள்ளும், காது பொறுக்காது. பாட்டின் சுருதி உடனே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் 1920களின் இறுதியில் விநாடிக்கு 24 என்று ஒரே வேகத்தைக் கட்டிப்போட்டார்கள். அதன்பின் வந்த புரொஜெக்டர்கள் பெரும்பாலும் 24 தவிர வேறெதுவும் அறியாதவை. 18இல் எடுத்த படத்தை அதில் மாட்டினால் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் ஓடும். பிறகு தொலைக்காட்சிக்கும் வீடியோவுக்கும் மாற்றியபோது அதே வேகம் அப்படியே பதிவாகி, இணையம் வரை வந்துவிட்டது.

இதைக் கணக்கில் பார்ப்பது எளிது. 35 மி.மீ. ஃபிலிமில் ஓர் அடிக்கு 16 ஃபிரேம், அதாவது ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 52.5 ஃபிரேம். ஒரு படம் ஆறு ரீல், மொத்தம் 1,800 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 94,500 ஃபிரேம் ஆகிறது. 16இல் ஓட்டினால் 98 நிமிடம், 18இல் ஏறக்குறைய 88 நிமிடம், 24இல் 66 நிமிடம். ஒரே ஃபிலிம், ஒரு ஃபிரேம்கூட வெட்டப்படவில்லை, ஆனால் கால அளவில் அரை மணி நேர வித்தியாசம். பழைய ஜெர்மன் படங்களின் நீளம் நூல்களில் மீட்டரில்தான் இருக்கும், நிமிடத்தில் இருக்காது. அதுதான் நியாயமும்கூட.

இங்கே ஒரு குழி இருக்கிறது. 66 நிமிடப் பிரதி கிடைத்தால் அது வேகமாக ஓடுகிறதா, அல்லது காட்சிகள் வெட்டுப்பட்டதா? இரண்டுமே நடக்கக்கூடியவை. வெளிநாட்டுக்கு அனுப்பும்போது படத்தைச் சுருக்கினார்கள், காட்சிகளுக்கு நடுவே வசனம் காட்டும் டைட்டில் கார்டுகளை மாற்றினார்கள், பெயரையே மாற்றினார்கள். 'கார்மென்' 1921இல் அமெரிக்காவில் 'ஜிப்ஸி பிளட்' என்ற பெயரில் போனது. ஆகவே நிமிடக் கணக்கை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. படத்துக்கு உள்ளே போய்த்தான் பார்க்க வேண்டும். அங்கேதான் சிப்பாயும் நடனக்காரியும் உதவிக்கு வருகிறார்கள்.

முதலில் சிப்பாய். ராணுவ நடை என்பது எண்ணி வைத்த நடை. ஐரோப்பியக் காலாட்படைகளின் சாதாரண அணிநடை நிமிடத்துக்கு 110 முதல் 120 அடி, அதாவது 10 விநாடிக்கு 18 முதல் 20. குதிரைப்படைக்காரனும் காவல் மாற்றத்துக்குத் தரையில் நடந்துதான் வர வேண்டும், எனவே கவலையில்லை. வீரர்கள் வரிசையாக நடக்கும் ஒரு துண்டைத் தேர்ந்தெடுத்து, கையில் கடிகாரத்தோடு 10 விநாடிக்கு எத்தனை அடி வைக்கிறார்கள் என்று எண்ணுங்கள். இடது, வலது இரண்டையும் சேர்த்து. 19 வந்தால் பிரதி சரியான வேகத்தில் இருக்கிறது. 25, 26 வந்தால் 24இல் ஓட்டியிருக்கிறார்கள். துண்டு 10 விநாடிக்குக் குறைவாக இருந்தால் 5 விநாடிக்கு எண்ணி இரட்டியுங்கள், ஆனால் ஓர் அடி பிசகினாலே கணக்கு பத்து சதவீதம் பிசகும். ஒருவன் தனியாக உலாத்துவதை எண்ணக் கூடாது. தனி ஆள் எப்படி வேண்டுமானாலும் நடப்பான். வரிசை நடைதான் நம்பகமானது.

அடுத்து நடனக்காரி. நடனத்துக்குத் தாளம் உண்டு என்றாலும் மௌனப்படத்தில் அந்தத் தாளம் நமக்குக் கேட்காது. எனவே தாளத்தை விட்டுவிட்டுக் குதிப்பைப் பார்க்க வேண்டும். உடம்பு காற்றில் இருக்கும் நேரத்தை எந்த இயக்குநராலும் மாற்ற முடியாது, அது புவியீர்ப்பின் கையில் இருக்கிறது. 30 செ.மீ. உயரம் எழும்பிக் குதிப்பவர், கால் தரையை விட்டது முதல் திரும்பத் தொடும் வரை அரை விநாடி காற்றில் இருப்பார். 18இல் எடுத்திருந்தால் அது 9 ஃபிரேமில் அடங்கும். அந்த 9 ஃபிரேமை 24 வேகத்தில் ஓட்டினால் 0.37 விநாடியில் முடிந்துவிடும். கண்ணுக்கு அது ஒரு துள்ளலாகத் தெரியாது, தட்டுக்கெட்ட உதறலாகத்தான் தெரியும். பாவாடை விரிந்து அடங்குவதை அளவுகோலாக வைக்க வேண்டாம். துணி காற்றில் மிதக்கும், கணக்குக்கு அகப்படாது.

குதிப்பைவிடவும் சுலபமானது கீழே விழும் பொருள். மேசையிலிருந்து தள்ளிவிட்ட கோப்பை, எறிந்த விசிறி, கைதவறிய தொப்பி, ஏதாவது ஒன்று எல்லாப் படத்திலும் விழும். 75 செ.மீ. உயரத்திலிருந்து ஒரு பொருள் தரையைத் தொட 0.39 விநாடி ஆகும். விழத் தொடங்கிய ஃபிரேமிலிருந்து தரையைத் தொட்ட ஃபிரேம் வரை எண்ணுங்கள். 6 வந்தால் கேமரா 16க்கு அருகில் சுழன்றிருக்கிறது. 7 என்றால் 18. 8 என்றால் 20. 9 அல்லது 10 என்றால் 24. கனமான பொருளாகப் பாருங்கள். பூவோ கைக்குட்டையோ வேண்டாம். எறிந்த பொருளாக இருந்தால், அது உச்சியில் ஒரு கணம் நின்று இறங்கத் தொடங்கும் இடத்திலிருந்து எண்ண வேண்டும். ஒரு ஃபிரேம் முன்னே பின்னே போகத்தான் செய்யும். இரண்டு மூன்று இடங்களில் எண்ணிச் சராசரி எடுத்தால் தெளிந்துவிடும். இந்தச் சோதனையின் சிறப்பு, பிரதி எந்த வேகத்தில் ஓடினாலும் கேமரா சுழன்ற வேகத்தை நேரடியாகச் சொல்லிவிடும்.

ஃபிரேம் ஃபிரேமாக எண்ண, கணினியில் வீடியோ ஓட்டும் விஎல்சி பிளேயரில் ஆங்கில 'ஈ' எழுத்து விசையைத் தட்டினால் போதும், ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு ஃபிரேம் நகரும். யூட்யூபில் வீடியோவை நிறுத்திவிட்டு முற்றுப்புள்ளி விசையைத் தட்டினால் முன்னே போகும், காற்புள்ளி விசை பின்னே கொண்டுவரும்.

எண்ணும்போது ஒரு விசித்திரம் கண்ணில் படும். சில தட்டுகளுக்குப் படம் அசையவே அசையாது. அது பிளேயரின் கோளாறு அல்ல. 18இல் எடுத்த படத்தை 24 ஃபிரேம் வீடியோவுக்குள் சரியான வேகத்தோடு அடக்க வேண்டுமானால், ஒவ்வொரு மூன்றாவது ஃபிரேமையும் இருமுறை போட வேண்டும். மூன்று படம் நான்காகும். 16ஐ 24 ஆக்க ஒன்றுவிட்டு ஒன்றை இரட்டிப்பார்கள். 20ஐ 25 ஆக்க நான்காவதை மட்டும் இரட்டிப்பார்கள். அதனால் இரட்டிப்பு தெரிந்தால் சந்தோஷப்படுங்கள், யாரோ வேகத்தை நினைத்துப் பார்த்து மாற்றியிருக்கிறார்கள். விழும் பொருளை எண்ணும்போது இரட்டித்த ஃபிரேம்களைத் தள்ளிவிட்டு வெவ்வேறு படங்களை மட்டும் எண்ண வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். மறந்தால் 18இல் எடுத்த படம் 24இல் எடுத்ததாகக் கணக்கு காட்டும்.

இதிலிருந்தே இரண்டாவது அளவும் கிடைக்கிறது. நல்ல அசைவுள்ள இடத்தில் சரியாக ஒரு விநாடி அளவுக்குத் தட்டிப் போய், வெவ்வேறு படங்கள் எத்தனை என்று எண்ணுங்கள். 24 ஃபிரேம் வீடியோவில் 24உம் வெவ்வேறு என்றால் பிரதி 24 வேகத்தில் ஓடுகிறது. 18 மட்டுமே வெவ்வேறு என்றால் 18இல் ஓடுகிறது. 30 ஃபிரேம் வீடியோவிலும் இதே முறைதான்.

இப்போது கையில் இரண்டு எண் இருக்கின்றன: கேமரா சுழன்ற வேகம், பிரதி ஓடும் வேகம். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் நீங்கள் வைக்க வேண்டிய வேகம். 18ஐ 24ஆல் வகுத்தால் 0.75. யூட்யூப் அமைப்பில் 0.75 ஆயத்தமாகவே இருக்கிறது. மௌனப்படக்காரர்களுக்கு எதேச்சையாகக் கிடைத்த வரம் அது. 16ஐ 24ஆல் வகுத்தால் 0.67. விஎல்சியில் இடது சதுர அடைப்புக்குறி விசை ஒவ்வொரு தட்டுக்கும் 0.1 குறைக்கும், மூன்று தட்டில் 0.7க்கு வந்துவிடலாம், அது போதும். படத்தோடு ஒட்டிய இசை இழுபடும், அதை அணைத்துவிடுங்கள். மௌனப்படத்தில் அந்த இசை பிற்காலத்தில் யாரோ சேர்த்ததாகத்தான் இருக்கும், அணைப்பதில் பாவமில்லை. அன்றைய பியானோக்காரரோ சிறு வாத்தியக் குழுவோ காட்சியின் உணர்ச்சிக்கேற்பத் துண்டு துண்டாக எடுத்து வாசித்தார்கள். 1919 முதல் ஜுசெப்பே பெச்சே பெர்லினில் வெளியிட்ட 'கினோதேக்' தொகுப்புகள் அதற்கென்றே எழுதப்பட்டவை.

0.75 வைத்தும் படம் சரியாக இல்லாமல் போகும் இடங்கள் உண்டு. மிகவும் பொதுவானது இது: முன்பு சிலர் 24 வேகப் புரொஜெக்டருக்காக ஃபிலிமிலேயே ஃபிரேம்களை இரட்டித்துப் பிரிண்ட் போட்டார்கள். ஒன்றுவிட்டு ஒன்றை இரட்டித்தால் அது 16 வேகம். படமோ 18, 20இல் எடுத்தது. விளைவு, எல்லோரும் தூக்கத்தில் நடப்பது போல இருக்கும். இதை மேலும் மெதுவாக்கினால் விபரீதம்தான், 1.1 அல்லது 1.2க்கு ஏற்ற வேண்டும். இன்னொன்று, ஒரே படத்துக்குள் வேகம் மாறுவது. காதல் காட்சி சரியாக இருக்கும்; அடுத்த சண்டை பறக்கும். ஒளிப்பதிவாளர் வேண்டுமென்றே செய்ததாக இருக்கலாம், அதை அப்படியே விட்டுவிடுவதுதான் முறை. ஆவணக் காப்பகங்களும் பெரும்பாலும் படம் முழுவதற்கும் பொருந்தும் ஒரு நடுத்தர வேகத்தைத்தான் வைக்கின்றன. ஒவ்வொரு காட்சிக்கும் தனித்தனியாக மாற்றிக்கொண்டே போவது ஒரு வகையில் ஒளிப்பதிவாளரின் கையைப் பிடித்துத் திருத்துவது போலாகும். என் கருத்தில் அது தேவையில்லாத வேலை.

இப்போது சில ஆண்டுகளாகக் கணினி மென்பொருள் வைத்து நடுவே இல்லாத ஃபிரேம்களைக் கற்பனையாக உண்டாக்கி, விநாடிக்கு 60 படம் என்று ஏற்றிவிடுகிறார்கள். பார்க்க வழுவழுப்பாக இருக்கும். ஆனால் கார்மென் கை வீசும் இடத்தில் ஃபிரேம் ஃபிரேமாகப் போய்ப் பாருங்கள். விரல்கள் உருகி ஒட்டியிருக்கும், விசிறியின் ஓரம் கரைந்திருக்கும். சுழலும் பாவாடை, பறக்கும் கூந்தல் இவற்றில் இந்த மென்பொருள் கட்டாயம் தடுமாறும், ஏனென்றால் 18இல் எடுத்த படத்தில் ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் நடுவே கை ஒரு சாண் தூரம் நகர்ந்திருக்கும். இப்படிப்பட்ட பிரதியில் மேலே சொன்ன ஃபிரேம் எண்ணும் சோதனைகள் எதுவும் வேலை செய்யாது.

வேகத்தைச் சரிசெய்த பிறகும் பிரதியில் பார்க்க வேண்டியவை சில உண்டு. டைட்டில் கார்டின் எழுத்துகள் இடது பக்கம் ஒட்டிப்போய், முதல் எழுத்து வெட்டுப்பட்டிருந்தால், மௌனப்பட ஃபிரேமை ஒலிப்பட இயந்திரத்தில் வைத்துப் பிரதி எடுத்திருக்கிறார்கள். ஒலித்தடத்துக்கு ஒதுக்கிய இடம் படத்தின் இடது ஓரத்தைத் தின்றுவிட்டது. தலை வெட்டுப்பட்டுத் தெரிவதும் பெரும்பாலும் இதனால்தான். இதை வீட்டில் சரிசெய்ய முடியாது, வேறு பிரதி தேட வேண்டும்.

'கார்மென்' கதையில் வரும் கடத்தல்காரர்கள் பதுங்கிப் பதுங்கிப் போகிறார்கள், ஆனால் உச்சி வெயில் அடிக்கிறது என்றால் இயக்குநரைத் திட்ட வேண்டாம். அன்றைய ஃபிலிமுக்கு இரவில் வெளியே படம் எடுக்கும் அளவுக்கு உணர்திறன் இல்லை. பகலில் எடுத்து, பிரிண்டை நீலச் சாயத் தொட்டியில் முக்கி இரவாக்குவார்கள். விளக்கொளி வீசும் அறைக்கு மஞ்சள், தீக்குச் சிவப்பு. ஒவ்வொரு நிறத் துண்டையும் தனித்தனியாகச் சாயமேற்றிப் பிறகு ஒட்டுவார்கள். பிற்காலத்தில் கறுப்பு வெள்ளையில் பிரதி எடுத்தபோது சாயம் போய்விட்டது, இரவு பகலாகிவிட்டது.

முகங்களைப் பற்றியும் ஒன்று. அந்த ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது, நீலம் மட்டும் அளவுக்கு மீறித் தெரியும். உதட்டுச் சாயம் கறுப்பாகும், சிவப்பு ரோஜா கறுப்பாகும், நீல வானம் வெள்ளைத் தாளாகும், நீலக் கண் கண்ணாடி போல வெளிறும். நெக்ரியின் கருவிழிகள் அந்த ஃபிலிமில் அத்தனை ஆழமாகப் பதிந்ததில் அவர் நடிப்புக்கும் பங்கு உண்டு, ஃபிலிமின் இந்தக் குறைக்கும் பங்கு உண்டு.

பிரதி தேடும்போது வெளியீட்டு விவரத்தில் மூன்றைப் பாருங்கள்: விநாடிக்கு எத்தனை ஃபிரேம் என்று எழுதியிருக்கிறார்களா, நீளம் மீட்டரில் இருக்கிறதா, எந்தக் காப்பகத்தின் பிரதியிலிருந்து எடுத்தது என்று சொல்கிறார்களா. ஊஃபா காலத்துப் படங்களுக்கு பழைய ஜெர்மன் படங்களைப் பாதுகாக்கும், வீஸ்பாடனில் இருக்கும் முர்னாவ் அறக்கட்டளையின் பெயரும், பெர்லினில் உள்ள ஜெர்மன் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்தின் பெயரும் அடிக்கடி வரும். 1920இல் ஜெர்மனியில் திரைப்படத் தணிக்கைச் சட்டம் வந்ததிலிருந்து, ஒவ்வொரு படத்துக்குமான தணிக்கை அட்டையில் டைட்டில் கார்டுகளின் வாசகமும் படத்தின் நீளம் மீட்டரிலும் பதிவாயின. அட்டை பிழைத்திருந்தால், எத்தனை மீட்டர் தொலைந்தது, எந்த வசனம் எங்கே வர வேண்டும் என்பதை அதை வைத்தே சரிபார்க்கிறார்கள். அட்டையில் இல்லாத ஒரே விவரம் வேகம். அதற்கு அவர்களும் காட்சிக்குள் போய், நடப்பவர்களையும் விழும் பொருட்களையும் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.